தொட்டா ஒட்டும்

அந்தப் பிள்ளைகளையா கேக்கிய? தெரியும். தெரியாம என்ன. பஸ் ஸ்டாண்டுல கோப்பையத் தூக்கி வச்சுக்கிட்டுக் கூப்பாடு போட்டாளுவல்லா, அம்புட்டுப் பேரும் என்கிட்ட விளையாட்டுப் படிச்சவளுவதான். "டீச்சர், போயிட்டு வாங்க"ன்னு கையக் காட்டுனாளுவ. நான் திரும்பிப் பாக்கல. அத நீங்க கவனிச்சிருக்கிய. அதான் கேக்கிய.

நெட்டையா ஒருத்தி கோப்பைய நெஞ்சோட அணைச்சுட்டு நின்னா பாத்தியளா, அவதான் சுடலைவடிவு. வடிவுன்னு கூப்பிடுவோம். அவளாலதான் நான் ஒத்தையில இந்த பஸ்ல போறேன். ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க தங்கச்சி, காத்து மூஞ்சில அறையுது. கோவில்பட்டியத் தாண்டினாலே இந்தப் புழுதிதான்.

என் பேரு ஜெபக்கனி. எங்க ஊர்ல ஜெபக்கனி டீச்சர் வீடுன்னு கேட்டா பச்சப்பிள்ளை கூடக் காட்டும். பி.டி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. விசில் ஊதி, வெயில்ல கத்தி, குரலு இப்படி ஆயிட்டு. சண்டை போடுத மாதிரி இருக்கும். சண்டை இல்ல. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பாக்காரு, அவருகிட்டயும் சொல்லிருங்க.

ரிட்டயர் ஆன பொறவு வீட்டுல சும்மா இருக்க முடியல. பிள்ளை குட்டி கிடையாது. கட்டுனவரும் போய்ச் சேந்துட்டாரு. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பின்னால ஒரு பொட்டல் கிடந்துது. கல்லப் பொறுக்கி, முள்ள வெட்டி, கோடு போட்டு, பொம்பளப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தாரேன்னு நின்னேன். ஊரு சிரிச்சுது. சிரிச்சவன் மகளே பொறவு வந்து சேந்தா, அது வேற கதை. அரிசி மண்டி ஆறுமுகப்பாண்டி அண்ணாச்சி ஜெர்சி எடுத்துக் குடுத்தாரு. எடுத்துக் குடுத்த கையோட நான்தான் டீமுக்குத் தலைவர்னாரு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். விட்டது எம்புட்டுப் பெரிய தப்புன்னு பின்னாலதான் தெரிஞ்சுது.

வடிவோட அம்மா செல்லக்கிளி அதே தீப்பெட்டிக் கம்பெனியில குச்சி அடுக்குதவ. ஒத்த ரூமு வீடு. அந்த வீட்டுல ஆளும் ஆடும் கோழியும் ஒண்ணாத்தான் படுக்கும், நான் போய்ப் பாக்கல, ஆனா அப்படித்தான் இருக்கும். அந்த வீட்டுல இருந்து இப்படி ஒரு பிள்ளை எப்படி வந்துதுன்னு நானே யோசிச்சிருக்கேன். ரெய்டு போனான்னா காலு தரையில படுதா படலியான்னு தெரியாது. எதிர்ல ஏழு பேரு கையக் கோத்துட்டு நிப்பாளுவ, இவ நடுவுல போயிக் குனிஞ்சு ஒருத்திய விரலால தொட்டுட்டு, வந்த வழியே நழுவி வந்துருவா. பிடிச்சவளுவ கையில காத்துதான் இருக்கும்.

அத யாரு சொல்லிக் குடுத்தா? நான். எல்லாரையும் நான் பெத்த பிள்ளை மாதிரிதான் வச்சிருந்தேன். ரெய்டு முடிச்சு வந்தா நானே மூஞ்சத் தொடைச்சு விடுவேன். கழுத்து, கை, முழங்கால், எல்லாம். தோள்ல ஒரு ஈரோட்டுத் துண்டு எப்பவும் கிடக்கும். ஒரு டீம்னா ஒரு துண்டு, ஒரு தண்ணிக் குடம். அவளவளுக்குத் தனித்தனின்னு வந்துட்டா அங்க டீம் கிடையாது. சர்வீஸ் பூராவும் நான் அதத்தான் சொன்னேன்.

போன வருசம் ஆடி மாசம். சாயங்காலம் பிராக்டிஸ். வடிவ இழுத்து முழங்கையத் தொடைக்கேன், கையில என்னமோ நெருடுச்சு. பாத்தா, ஜவ்வரிசி மாதிரி குட்டிக் குட்டியா, முத்து முத்தா. தோல் கலருதான். பளபளன்னு இருக்கு, நடுவுல ஊசி குத்துன மாதிரி ஒரு குழி. முழங்கை மடிப்புல ஒரு கொத்து, காலுக்குப் பின்னால ஒரு கொத்து.

"ஏட்டி, என்னது இது?"

"தெரியல டீச்சர். வலிக்கல. அரிக்கவும் இல்ல."

"எப்ப இருந்து இருக்கு?"

"கொஞ்ச நாளாத்தான் டீச்சர்."

பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பாலுண்ணி. அழுக்குல வாறது. வீடு சுத்தமா இருந்தா வருமா? நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு இருக்கா? இல்லல்லா. சுத்தபத்தமா இருக்கிய, உங்களுக்கு வராது.

அன்னைக்கே ஒதுக்கிட்டேன். ஒதுக்காம? மத்த பிள்ளைகளப் பெத்தவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும். வாகை மரத்தடியில ஒரு கல்லக் காட்டி, "இனிமே அங்கன உக்காரு. தண்ணி வீட்டுல இருந்து கொண்டா. ஒருத்தியையும் தொடாத"ன்னு சொன்னேன். கேப்டன் ஒருத்தி உண்டு, உச்சிமாகாளின்னு. குட்டையா, தூண் மாதிரி இருப்பா. அவ கேக்கா, "டீச்சர், தொடாம எப்படி டீச்சர் கபடி விளையாட?" கேள்வி மாதிரி கேலி. மைதானத்தச் சுத்தி ஓடுன்னு விட்டேன். இருட்டுத வரைக்கும் ஓடுனா. வாயி அப்பவும் அடங்கல.

வடிவு அந்தக் கல்லுல உக்காந்து எல்லாரும் விளையாடுறதப் பாத்துட்டு இருந்தா. எனக்கும் சங்கடமாத்தான் இருந்துது. சங்கடப்படாம இருக்க நான் என்ன கல்லா? அதுலயும் ஆவணியில மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்க வாராவன்னு தகவல் வந்துட்டு. எடுத்துட்டாவன்னா ஹாஸ்டல்ல தங்க வச்சு, சாப்பாடு போட்டு, படிக்க வச்சு, விளையாடவும் வைப்பாவ. அந்தப் பிள்ளைக்கு அதவிட்டா வேற வழி என்ன இருக்கு? அம்மா கூடக் குச்சி அடுக்க வேண்டியதுதான். அதுக்குள்ள இத விரட்டிரணும்னு நெனச்சேன். அவளுக்காகத்தான் நெனச்சேன்.

வெத்தலைக்குப் போடுத சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் ஒண்ணாக் குழைச்சு வச்சா பாலுண்ணி பொசுங்கி விழுந்துரும். எங்க பக்கம் எல்லாரும் செய்யுததுதான். ஒரு தேங்காச் சிரட்டையில குழைச்சுக் கொண்டு போனேன். எல்லாரும் பாக்கணும்னு மைதானத்துலயே வச்சு விட்டேன். சுத்தத்தோட அருமை தெரியணும்லா. உச்சிமாகாளிய ஒரு பக்கம், இன்னொருத்திய ஒரு பக்கம் கையப் பிடிச்சுக்கிடச் சொன்னேன். குச்சியால தொட்டுத் தொட்டு வச்சேன். கொஞ்ச நேரம் பொறுத்து வடிவு மூஞ்சி வேர்த்துது.

"டீச்சர், எரியுது."

"எரியத்தான் செய்யும். எரிஞ்சாத்தான் போகும்."

பல்லக் கடிச்சுட்டு நின்னா. கண்ணுல தண்ணி கட்டி நிக்கு, கீழ விழல. உச்சிமாகாளிதான் அழுதா. பிடிச்சிருந்த கைய விட்டுட்டு, "போதும் டீச்சர், கழுவிருவோம் டீச்சர்"னு அழுதா. வடிவு ஒரு சொட்டு அழுதிருந்தா நானே கழுவி விட்டிருப்பேன். அழல. அழாதவளுக்கு எப்படி எரியுதுன்னு நான் கண்டேன்?

மறுநாள் செல்லக்கிளி வந்தா. வேலைக்குப் போற நேரத்துல, தலையில கட்டுன துணியோட, என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. மகளக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா. கை பொத்துப் போயிச் சதை தெரிஞ்சுது. காலுலயும் அப்படித்தான்.

"இத யாரு செஞ்சா?"

"நான்தான் செஞ்சேன். ஒன் வீட்டு அழுக்க நான் எடுத்து விட்டேன். நல்லெண்ணெ தடவு, ஆறிரும்."

செல்லக்கிளி சத்தம் போடுவான்னு பாத்தேன். சத்தம் போட்டா பதில் சொல்ல எனக்குத் தெரியும். அவ போடல. "எங்க வீட்டுக்கு நீங்க ஒரு நா வந்துருக்கியளா டீச்சர்"னு கேட்டா. வேற ஒண்ணும் கேக்கல. மகளக் கூட்டிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா.

அங்க ஒரு டாக்டர் பொண்ணு. இம்புட்டுக்காணுதான் இருக்கா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அது என்னையக் கூட்டியாரச் சொல்லுச்சாம். நானும் போனேன். எனக்கென்ன பயம்? அவகிட்ட ரெண்டு வார்த்தை கேக்கலாம்னுதான் போனேன். நாற்காலியில உக்காரச் சொன்னா. உக்காரல.

"இது ஒரு வைரஸ்மா. அழுக்குனால வர்றது இல்ல. எவ்வளவு சுத்தமா இருக்கிறவங்களுக்கும் வரும். தோலோட தோல் பட்டா ஒட்டும். ஒருத்தர் தொடைச்ச துண்டுல இன்னொருத்தர் தொடைச்சா ஒட்டும். கிள்ளினா, சொறிஞ்சா, அவங்க உடம்புலயே பக்கத்துல பரவும். வேற ஒரு ஆபத்தும் கிடையாது. மாசக்கணக்கா இருக்கும், சில பேருக்கு வருசம் கூட ஆகும். அப்புறம் தானாப் போயிரும்."

"தானாப் போறதுக்கு நீங்க எதுக்கு ஆஸ்பத்திரியில இருக்கிய?"னு கேட்டேன்.

"தானாப் போறதுக்குள்ள யாரும் சுண்ணாம்பு வச்சிரக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

பாத்தியளா பேச்ச? என் வயசென்ன, அவ வயசென்ன. செல்லக்கிளி முன்னால வச்சுச் சொல்லுதா. அத்தோட விடல. புண்ணு ஆறினதும் அந்த முத்து இருக்கிற இடத்தத் துணியச் சுத்தி மூடிட்டு வடிவு விளையாடலாமாம். ஒதுக்கி வைக்க வேண்டியதே இல்லையாம். ஆளாளுக்குத் தனித் துண்டு குடுத்தாப் போதுமாம். பொறவு கேட்டா, "உங்க டீம்ல இது முதல்ல யாருக்கு வந்தது? வேற யாருக்காவது இருக்கா?"

"இவளுக்குத்தான் வந்துது. இவளுக்கு மட்டும்தான் இருக்கு"ன்னு சொன்னேன். அதுதான நெஜம். நான் பாத்தது அவ கையிலதான்.

வைரஸாம். கண்ணுக்குத் தெரியாத ஒண்ணச் சொல்லிட்டா நம்ம வாய அடைச்சிரலாம்னு இவங்களுக்கு நெனப்பு. வீட்டுக்கு வந்து என் துண்ட டெட்டால் போட்டு அலசுனேன். எனக்குச் சுத்தம் சொல்லித் தாரா.

ஆவணியில ஆள் எடுக்க வந்தாவ. ரெண்டு பேரு, ஒரு சாரும் ஒரு மேடமும். வடிவு கையில கட்டோட வந்து நிக்கா. நான் வரச் சொல்லல. ஆறுமுகப்பாண்டி அண்ணாச்சி வரச் சொல்லியிருக்காரு. புண்ணு ஆறியும் ஆறாமயும் இருக்கு, அப்படியும் ரெய்டு போனா. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் போனா. அந்த மேடம் எந்திரிச்சு நின்னு பாத்தாவ. "யாரு டீச்சர் இந்தப் பொண்ணு"ன்னு என்கிட்டதான் கேட்டாவ.

நான் பொய் சொல்லுத ஆளு கிடையாது. கர்த்தருக்குத் தெரியும். ஹாஸ்டல்ல நூறு பிள்ளைக இருக்குத இடம். "பிள்ளை நல்ல பிள்ளைதான் மேடம், ஆனா ஒரு தொத்து வியாதி இருக்கு, கட்டுப் போட்டு மறைச்சிருக்கா"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தம்மா மூஞ்சி மாறிட்டு. அந்த சார்கிட்ட போயிக் காதுல சொன்னாவ. பேர எடுக்கல. யாரையும் எடுக்கல.

எல்லாரும் போன பொறவு வடிவு வந்தா. நேரா என் முன்னால வந்து நின்னா, ஆனா ரெண்டு எட்டு தள்ளி. நான் சொன்ன தூரத்துல.

"டீச்சர், அவங்ககிட்ட என்ன சொன்னிய?"

"உள்ளதச் சொன்னேன்."

"டாக்டர் சொன்னதச் சொன்னியளா?"

 அவளுக்கு எதுக்கு நான் பதில் சொல்லணும்? அவளும் நிக்கல. போயிட்டா. அத்தோட பிராக்டிஸுக்கு வாறத நிப்பாட்டிட்டா. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். மத்த பிள்ளைக தப்பிச்சிதுன்னு நெனச்சேன்.

தப்பிக்கல தங்கச்சி. அதத்தான் சொல்ல வாறேன்.

புரட்டாசியில ஒரு டோர்னமெண்ட். எங்க டீம் அரையிறுதி வரைக்கும் வந்துட்டு, வடிவு இல்லாமலே. எனக்கு எம்புட்டுப் பெருமை தெரியுமா. அன்னைக்கிக் காலையில டிரெஸ் மாத்துத ரூமுக்குள்ள போறேன். புழுக்கம்னா அப்படி ஒரு புழுக்கம். அதுக்குள்ள அம்புட்டுப் பேரும் ஜெர்சிக்குள்ள முழுக்கை பனியன் போட்டு நிக்காளுவ. காலுக்கு நீள சாக்ஸ், முழங்காலுக்கு மேல இழுத்து விட்டு.

"என்னட்டி வேசம் இது? கழட்டுங்க. பிடிக்க வசமா இல்லாமலா விளையாடப் போறிய?"

ஒருத்தியும் அசையல. ஒருத்திய ஒருத்தி பாக்காளுவ. உச்சிமாகாளிதான் முன்னால வந்தா. வந்து, வலது பக்கத்துப் பனியன் கையைச் சுருட்டி மேல ஏத்துனா. முழங்கை மடிப்புல, ஜவ்வரிசி. பக்கத்துல இருந்தவ சாக்ஸ இறக்குனா. காலுக்குப் பின்னால, ஜவ்வரிசி. இன்னொருத்தி கழுத்தக் காட்டுனா. இன்னொருத்தி தாவாக்கட்டைக்குக் கீழ. ஒவ்வொருத்தியா. நான் எங்கெங்க தொடைச்சு விடுவேனோ அங்கெல்லாம், கர்த்தாவே, அந்தப் பாலுண்ணி.

 "ஏன்ட்டி சொல்லல"ன்னு கேட்டேன்.

"சொன்னா சுண்ணாம்பு வைப்பிய டீச்சர்"னா உச்சிமாகாளி.

"எப்ப இருந்து இருக்கு?"

"எனக்கு வடிவுக்கு முன்னாலயே வந்துட்டு. அவளுக்கு நீங்க சுண்ணாம்பு வச்ச அன்னைக்கு நான் அவ கையப் பிடிச்சுட்டு நின்னேன். என் கையிலயும் இருந்துது. நான் சொல்லல. அதான் அழுதேன்."

யாரோ சொல்லிக் குடுத்ததச் சொல்லுதா. நான் நம்பல. இது எல்லாம் வடிவு ஒட்ட வச்சது. ஒதுக்கி வச்ச கோபத்துல, எனக்குத் தெரியாம இவளுவளத் தொட்டுத் தொட்டு ஒட்ட வச்சிருக்கா. வேற எப்படி வரும்? நான் சொன்னேன், "அவளத் தலைமுழுகுங்க, எல்லாத்தையும் நான் சரி பண்ணுதேன்"னு. உச்சிமாகாளி கையை இறக்கி விட்டுட்டுச் சொல்லுதா, "வடிவு இல்லாம நாங்க இறங்க மாட்டோம் டீச்சர். அவகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

நான் சொல்லணுமாம். அந்த வீட்டு வாசல்ல போயி நான் நின்னு சொல்லணுமாம்.

"அப்ப இறங்காதிய"ன்னுட்டு வெளிய வந்துட்டேன். வெளிய விசில் ஊதுதான், பேரச் சொல்லிக் கூப்பிடுதான், எங்க டீம் வரல. எதிர் டீம் சும்மா நின்னு ஜெயிச்சுட்டுப் போச்சு. மைக்குல ஊரு பேரச் சொல்லி, ஆட்டத்துக்கு வரவில்லைன்னு சொன்னான் பாருங்க, அது இன்னும் காதுல கிடக்கு.

மறுநாள் ஆறுமுகப்பாண்டி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தாரு. காப்பி வேண்டாம்னாரு. "டீச்சர், நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க"ன்னாரு. எத்தன நாளுன்னு கேட்டேன்.  சாத்தூர்ல இருந்து ஒரு சின்னப் பொண்ணப் பிடிச்சுக் கோச்சா வச்சுட்டாரு. அந்த டாக்டர மைதானத்துக்கே கூட்டிட்டு வந்து பேச வச்சாராம். பிள்ளைகளோட தாய் தகப்பனெல்லாம் வந்து கேட்டுட்டுப் போனாவளாம். பிள்ளைக்கு ஒரு துண்டு, பேரு எழுதி. முத்து இருக்குத இடத்துல துணி சுத்திட்டு விளையாட்டு. வடிவும் வந்துட்டா. எல்லாம் எனக்குத் தகவல் வரும். நான் கேக்குதது இல்ல, ஆனா வரும்.

இந்த வருசத்து டோர்னமெண்டுக்கு இன்னைக்கி ஃபைனல். நான் எதுக்குப் போனேன்னு கேக்காதிய. தோக்குததப் பாக்கத்தான் போனேன். ஒதுங்கி, சாமான் வண்டிக்குப் பக்கத்துல நின்னேன். கடைசி ரெய்டு வடிவு. ஒரு பாயிண்ட் எடுத்தா ஜெயிப்பு. போனா. குனிஞ்சா. எதிர் டீம்ல வலது பக்கத்துக்காரிய நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, விரல் நுனியால, இம்புட்டு. தொட்டுட்டா. மூணு பேரு மேல விழுந்தாளுவ, இழுத்துட்டே வந்து கோட்டத் தொட்டா. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. கூட்டத்துக்குள்ள புகுந்து போயிட்டேன். நானா போகல, காலு போச்சு.

மண்ணும் வேர்வையுமா நிக்கா. என்னப் பாத்ததும் சிரிப்பு நின்னுட்டு. நான் முந்தானைய எடுத்து அவ மூஞ்சத் தொடைக்கப் போனேன். பழக்கதோசம். அவ கையில ஒண்ணும் இல்ல பாத்துக்கிடுங்க, எல்லாம் போயிட்டு. ஒரு முத்து இல்ல, ஒரு தடம் இல்ல. நான் சுண்ணாம்பு வச்ச இடம் மட்டும் வட்ட வட்டமா வெள்ளையா இருக்கு. அதுலயும் பாலுண்ணி போயிட்டுதான? மருந்து வேலை செஞ்சிருக்கு. அத யாரு சொல்லுதா?

முகத்துக்குப் பக்கத்துல கை போனதும் டக்குனு என் மணிக்கட்டப் பிடிச்சா. ரெய்டு வந்தவளப் பிடிக்குத பிடி. பிடிச்சவ விடல. வளையல மேல தள்ளிட்டுப் பாக்கா. மத்த பிள்ளைகளும் வந்து சுத்தி நின்னு பாக்காளுவ.

"டீச்சர், இது என்னது?"

"சூட்டுக் கொப்புளம். விடுட்டி."

"எப்ப வந்துது டீச்சர்?"

"போன வருசம் பங்குனி வெயில்லயே வந்துட்டு. ஊக்கு வச்சுக் கிள்ளி எடுப்பேன், எடுக்க எடுக்கப் பக்கத்துல வருது. சூட்டு ஒடம்பு எனக்கு."

ஆடிக்கு முந்தின பங்குனியான்னு உச்சிமாகாளி கேட்டா. பங்குனிதான்னேன். அதுல என்ன இருக்குன்னு தெரியல. அவ்வளவு பெரிய மைதானத்துல மேளம் அடிக்கான், இவளுவ மட்டும் சாவு வீட்டுல நிக்குத மாதிரி நிக்காளுவ. உச்சிமாகாளி வாயத் தொறந்தா. வடிவு அவள ஒரு பார்வை பாத்தா, மூடிட்டா.

பொறவு வடிவு அவ பையில இருந்து ஒரு துணிய எடுத்தா. வெளுத்த துணி, மடிச்சு வச்சிருந்தா. என் மணிக்கட்டுல சுத்துனா. சுத்திட்டே சொல்லுதா, "கிள்ளாதிய டீச்சர். கிள்ளுனா பரவும். மூடி வச்சுக்கிடுங்க. தானாப் போயிரும்." முடிச்சுப் போட்டா. அந்தக் கையோட தண்ணி பாட்டில எடுத்துக் குடிச்சா. கையத் துணியில தொடைக்கக்கூட இல்ல.

எம்புட்டுத் திமிரு பாத்தியளா? ஊரு முன்னால, என் கையில, எனக்குக் கட்டுப் போடுதா. என்னமோ எனக்கு வந்த மாதிரி. எனக்கு அவமானமா இருக்குமே, பெரிய மனுசி, நாலு பேரு பாக்காவளேன்னு ஒரு எண்ணம் வேண்டாமா? அதான் நான் அவளுவ வேன்ல ஏறல. வாங்க டீச்சர்னு கூப்பிட்டாளுவ. வேண்டாம்னுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன், வேன எடுத்துட்டு அங்கயும் வந்துட்டாளுவ.

இந்தா, இந்தத் துணிதான். பஸ்ல ஏறுன ஒடனே அவுத்து ஜன்னல் வழியா எறிஞ்சிரணும்னு நெனச்சேன். ஒத்தக் கையால அவுக்க வர மாட்டேங்கு. முடிச்ச அப்படி இறுக்கியிருக்கா. தங்கச்சி, கொஞ்சம் அவுத்து விடுங்களேன். இங்கன, உள்பக்கமாத்தான் முடிச்சு இருக்கு.

ஏன், கைய இழுத்துக்கிட்டிய?

இல்ல, நீங்க ஏன் எந்திரிக்கிய? உங்க ஊரு இன்னும் வரல. கண்டக்டர் சொல்லுவாரு, உக்காருங்க. முன்னால நிக்க எடம் இல்ல பாத்துக்கிடுங்க, கம்பியப் பிடிச்சுட்டு எம்புட்டு நேரம் நிப்பிய?

பயப்படாதிய தங்கச்சி. ஒண்ணும் செய்யாது. இது வைரஸ்தான். தானாப் போயிரும்னு டாக்டரே சொல்லியிருக்கா.